62 சேவ் எடுத்தவர்தான் பெரிய ஆளா?

கேள்வி: அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் அதிக சேவ் (முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து காப்பாற்றி முடிப்பது) எடுத்த ரிலீஃப் பிட்சர் (நடுவில் மாற்றாக வந்து பந்து வீசுபவர்) யார்? அவர்தான் சிறந்தவரா?

பதில்: 2008-ல் ஏஞ்சல்ஸ் அணியின் ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ், 62. ஆனால் சேவ் கணக்கை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸில் வந்து, இரண்டு ரன்னைக் கொடுத்துவிட்டு ஜெயித்தாலும் அது சேவ்தான்! என் ஓட்டு 2016-ன் ஜாக் பிரிட்டனுக்கு. பால்டிமோர் ஓரியோல்ஸுக்காக 47 வாய்ப்பு, 47 சேவ், ஒன்றில்கூடச் சொதப்பவில்லை. இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்; ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை சேராது) வெறும் 0.54. அப்புறம் நடந்ததுதான் கூத்து: டொரான்டோவில் வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் வெளியேற்றம்) வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11-வது இன்னிங்ஸ் வரை இழுத்தும், முன்னிலை கிடைக்கட்டும் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் பிரிட்டனை புல்பென்னிலேயே (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) வைத்திருக்க, ஓரியோல்ஸின் உபால்டோ ஹிமெனெஸ் போட்ட பந்தை டொரான்டோவின் எட்வின் என்கார்னாசியோன் தூக்கி அடித்து ஆட்டத்தையே முடித்துவிட்டார்.