தாத்தாவின் கேள்வித்தாள்

அன்புள்ள ஐயா,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். வெளியிடுவதானால் என் பெயர் வேண்டாம். அப்பா ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என் மகன் பதினொன்றாம் வகுப்பு.

விஷயம் சின்னதுதான். அப்பா பென்ஷனுக்காக உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. காலையிலேயே பஸ் ஏறிப் போனார். வரிசையில் நின்றார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார், மறுபடியும் வரச் சொல்லிவிட்டார்களாம். மகன் அவர் கையிலிருந்த போனை வாங்கி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்கா தாத்தா நாள் பூரா அலைஞ்சீங்க?" என்று சிரித்தான். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் முறை. "பேங்க் செல்லான் நிரப்பத் தெரியுமாடா? முள் கடிகாரம் பார்த்து மணி சொல்லு. மழையில நனைஞ்ச விறகைப் பத்த வை பார்ப்போம். கியர் வண்டியை மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்குவியா?" அவன், "இதெல்லாம் எனக்கு எதுக்கு? உங்களுக்கு ஓடிபின்னா என்னன்னு தெரியுமா?" என்றான். இப்போது இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து நியாயம் கேட்கிறார்கள்.

நிஜமாகவே கேட்கிறேன். பழைய காலத்துத் திறமைகளை இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டுமா? அல்லது காலம் போய்விட்டது என்று பெரியவர்கள் விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகி, குன்னூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில், மண்சரிவு இல்லாத நாட்களில், தினமும் நடக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். அதில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏறக்குறைய 12 அடி போனால் ஓரடி உயரம். அந்தப் பகுதியில் நீராவி எஞ்சின் கீழ்ப்பக்கத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்குக்கென்று ஓர் ஆள் நிற்கிறார். குன்னூர் வந்ததும் எஞ்சின் மாறுகிறது. அங்கிருந்து ஊட்டி வரை ஏற்றம் அவ்வளவு கடுமையில்லை, பல்சட்டமும் இல்லை, டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு போகிறது.

ஒரே பாதை. ஒரு பாதியில் பழையது போய்விட்டது, இன்னொரு பாதியில் இருக்கிறது. இருப்பது மட்டுமில்லை, பழைய சுவிஸ் எஞ்சின்கள் தேய்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே நீராவி எஞ்சின்களைக் கட்டினார்கள். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு எந்த எஞ்சின் வந்தாலும் பல்சக்கரம் இல்லாமல் அந்தச் சரிவில் ஏற முடியாது. சரிவு மாறவில்லை.

உங்கள் அப்பாவின் கேள்வித்தாளை நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். இந்த மலை இன்னும் கேட்கிற திறமை எது, ஓர் அலுவலகம் ஒரு காலத்தில் கேட்டுவிட்டு மறந்துபோன திறமை எது?

செல்லான் இரண்டாவது வகை. தந்தி படிவமும் அப்படித்தான், 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுவிட்டது. எத்தனையோ பேர் நம்பியிருந்த பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். படிவம் போனால் அதை நிரப்பும் திறமையும் போகட்டும். அதில் உங்கள் மகனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. முள் கடிகாரம் அரை மணி நேரத்தில் வந்துவிடும், அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

ஈர விறகு அப்படியில்லை. 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் ஹீட்டர் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை, போனில் சார்ஜ் இல்லை. சாலை சரிந்தால் சிலிண்டரும் வராது. அப்போது நனைந்த சீகைக் கட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அதைச் சிம்பு சிம்பாகச் சீவ வேண்டும், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) பட்டையை அடியில் வைக்க வேண்டும், காற்றுக்கு இடைவெளி விட வேண்டும், அடுத்த வேளைக்கான கட்டையை அடுப்போரம் சாத்தி வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய விஷயம்.

நெருப்பு மூட்டுவதைவிட அதை எங்கே வைக்கக் கூடாது என்பது முக்கியம். பழைய வீடுகளில் கணப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தது. இப்போது ஜன்னலை இறுக்கி மூடிய அறையில், குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று, கரி கனலும் சட்டியை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கி எழாமலே போனவர்கள் உண்டு. புகை இல்லையே என்று நினைப்பார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்கு வலுவாக ஒட்டிக்கொள்ளும். இதை உங்கள் மகன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வேறெதைக் கற்காவிட்டாலும் இதை.

அப்புறம் கியர். அப்பா கேட்டவற்றில் மிக நல்ல கேள்வி இதுதான். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் குறைகிறது. கணக்குப் போட்டால் 7 யூனிட் மின்சாரத்துக்கு மேற்பட்ட ஆற்றல் அது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பேடு சூடேறிப் பிடிப்பை இழக்கும். நாள்பட்ட பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சூட்டில் கொதித்துக் குமிழி விடும். அதன் பிறகு மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாமல் நிறுத்துவதற்குக் காரணம் அங்கே நடந்த விபத்துகள். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்கு என்று நம் பெரியவர்கள் சொல்வது அனுபவத்தில் வந்த பாடம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் அப்படி வந்ததுதான், அது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் இந்த இடத்தில் மகன் பக்கமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சரிவு மாறவில்லை, வண்டி மாறிவிட்டது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் பழைய ஓட்டுநர்கள் சிலரிடம் உண்டு. அது எப்போதுமே ஆபத்து. இன்றைய வண்டிகளில் மிச்சமும் கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆட்டோமேடிக் வண்டியிலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது, அது எந்தப் பொத்தான், எந்த நிலை என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். மின்சாரக் கார் என்றால் இன்னும் சுவாரசியம். இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஊட்டியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் கிடைக்காது, எல்லா பாரமும் பிரேக்குக்கு வந்துவிடும். எந்த வளைவில் வண்டி எவ்வளவு தள்ளும் என்று தாத்தாவுக்குத் தெரியும். பேட்டரியை எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்று பேரன் பார்த்துச் சொல்வான். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே பொறாமை.

இனி உங்கள் மகனிடம் எனக்கிருக்கும் வருத்தம். சான்றை முடித்துக் கொடுத்தது நல்ல காரியம். சிரித்ததைக்கூட வயது என்று விட்டுவிடலாம். போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டதுதான் தவறு. அடுத்த வருடமும் தாத்தா அவனிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவன் கல்லூரிக்குக் கோவையோ சென்னையோ போய்விட்டால்? ஓடிபி என்றால் என்னவென்று தெரியாத ஒரு பெரியவர், கையில் பென்ஷன் பணத்தோடும் போனோடும் தனியாக இருப்பது, கியர் தெரியாமல் கல்லட்டி இறங்குவதற்குச் சமம். "பேங்கிலிருந்து பேசுறோம், சார், வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று எவனோ அன்பாகக் கேட்பான். அந்த நம்பர் பூட்டின் சாவி என்பதைத் தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஒருவன் "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அடிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு என்பதையும் அவன்தான் சொல்லித் தர வேண்டும்.

அப்பாவும் அதையேதான் செய்தார். ஈர விறகு பற்ற வைக்கத் தெரியுமா என்று கேட்டாரே தவிர, வாடா அடுப்பிடம் என்று கூப்பிடவில்லை. உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனதற்கு இதைத்தான் நான் காரணமாக நினைக்கிறேன். இரண்டு பேரிடமும் கொடுக்க நிறைய இருக்கிறது. கொடுக்காமல் பரீட்சை மட்டும் வைக்கிறார்கள்.

அப்பாவின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எங்கே வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியில் எனக்கு நிறையப் புரிந்தது. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை அது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. அதை நம்பி ஒரு குடியிருப்பே எழுந்தது. அப்புறம் இறக்குமதிப் போட்டி, கடன். 1990-களின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்று எழுதிவிட்டார்கள். அதற்கு மேல் டிஜிட்டல் கேமரா வந்தது. தன் கை அறிந்த தொழில் மொத்தமும், தான் உயிரோடிருக்கும்போதே யாருக்கும் வேண்டாததாகிவிட்டதைப் பார்த்த மனிதர் அவர். அவரிடம் போய் "இதுக்கா நாள் பூரா அலைஞ்சீங்க?" என்று கேட்டால், அது உயிர்வாழ் சான்றைப் பற்றிய கேள்வியாக அவர் காதில் விழாது.

அந்தத் தொழிலை உங்கள் மகன் கற்க வேண்டியதில்லை, கற்கவும் முடியாது. ஆனால் கேட்டுவைக்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள், கண்ணாடித் தட்டுகளிலும் பிறகு ஃபிலிமிலும். அதுவும் உங்கள் அப்பாவின் ஆலையில் பூசிய அதே வெள்ளி உப்புதான், ஒளி பட்டால் படம் பதியும் பூச்சு. அந்த முறை போய்விட்டது. படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், இன்றைய ஆராய்ச்சியாளர்கள் நூறாண்டு காலச் சூரியப் புள்ளிகளை அதில் படிக்கிறார்கள். இது என்ன தேதி, என்ன நேரம் என்று அன்றைக்கு ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் இது முடிந்தது. உங்கள் அப்பாவிடம் இருப்பதைக் குறித்துவைக்க இன்னும் யாரும் உட்காரவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? மன்னிப்புக் கேட்கச் சொல்லி மகனை வற்புறுத்த வேண்டாம், இந்த வயதில் அது வீம்பைத்தான் வளர்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போய், வெந்நீர் அடுப்பை இன்றைக்கு அவனை மூட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள், கட்டையைத் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். மகனிடம், தாத்தாவின் போனில் கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொடு, போன் அவர் கையிலேயே இருக்கட்டும், உன் கையைப் பின்னால் கட்டிக்கொள் என்று சொல்லுங்கள். நேரம் ஆகும். இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும். நடுவில் நீங்கள் போய் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பெண்கள் வழக்கமாகச் செய்யும் தவறு அது.

இன்னொன்று, இது எனக்காக. ஃபிலிம் பூசும் வேலை இருட்டில் நடக்கும் என்று தெரியும். விளக்கே இல்லாத அந்த அறைகளில் பூச்சு சரியாக விழுகிறதா, எங்கேயாவது கோடு விழுந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ஒருவரோடு ஒருவர் மோதாமல் எப்படி நடந்தார்கள்? புதிதாக வந்தவருக்கு இருட்டில் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? உங்கள் மகனை விட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்பா சொல்கிற மொழியிலேயே இருக்கட்டும், திருத்த வேண்டாம். பெயருடனோ பெயரில்லாமலோ இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.