கைபேசி கேமரா நிழலை வெளுப்பாக்குவதைத் தடுக்க முடியுமா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த படத்தில், கண்ணுக்குக் கருநிழலாகத் தெரிந்த படகு வெளுத்துப்போய்விடுகிறது என்றும், அதைத் தடுக்க வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உண்டு.

பொத்தானை அழுத்தும் நேரத்தில் கைபேசி பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருண்ட பகுதிகளுக்கு வெளிச்சமேற்றி, இருட்டில் மணல்போல் தெரியும் புள்ளிகளை நீக்கி, விளிம்புகளையும் கூர்மையாக்கிவிடுகிறது. சிறிய சென்சார் குறைந்த ஒளியையே வாங்குவதால் இவ்வேலை தேவைதான். பேரனைப் படமெடுக்கும் என் தாயாருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் எந்த நிழல் நிழலாகவே இருக்கவேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

முதலில், சூரியன் இருக்கும் இடத்தைத் திரையில் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் ரா கோப்பாக, அதாவது கைபேசி திருத்தாத மூலப்படமாக, எடுக்கலாம். ஆண்ட்ராய்டு 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து செயலிகளுக்கு இவ்வசதியைத் தருகிறது, கைபேசித் தயாரிப்பாளரும் அனுமதித்திருந்தால். 2020-இல் ஆப்பிள் ஐபோனுக்குக் கொண்டுவந்த புரோரா என்ற கோப்பு வகை, பெயரில் ரா இருந்தாலும், பல படங்களை இணைத்த பிறகே கோப்பைத் தருகிறது. நிறத்தையும் நிழலையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கோப்பின் அளவும் பெரிது, திருத்தும் பொறுப்பும் உங்களுடையது.