முப்பது வருடமாகத் தேடியும் கிடைக்காத ஈட்டா-ஹீலியம் அணுக்கருவை நம்பி முனைவர் பட்டத்தில் சேர்வது வீணா?

வீண் இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் அநேகமாகப் பக்கத்து ஆய்வகத்துப் பேராசிரியராக இருப்பார். என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் தேடுவது, ஈட்டா மீசான் என்ற நொடியில் சிதையும் துகள் ஹீலியம் அணுக்கருவோடு பிணைந்து நிற்கும் நிலையை. ஈட்டாவுக்கு மின்னேற்றம் கிடையாது. எதிர்மின்னேற்றமுள்ள பையான், கேயான் என்ற வேறு மீசான்களை அணுக்கரு மின்விசையாலேயே பிடித்துச் சுற்றவிடும். ஈட்டாவைப் பிடிக்க, அணுக்கருவையே கட்டிவைத்திருக்கும் வலுவிசை ஒன்றுதான் வழி. பிறந்த கணமே சிதைந்துவிடுவதால் அதைக் கற்றையாக்கி எதன்மீதும் மோதவிடவும் முடியாது. ஒரு வினையில் பிறக்கவைத்து, பக்கத்தில் நிற்கும் அணுக்கரு அதை இழுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பிணைப்பு உண்டாக நிறை எண் (புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை) 12-ஆவது வேண்டும் என்று 1986-ல் ஹைடரும் லியூவும் கணக்கிட்டார்கள். 1993-ல் காலின் வில்கின், ஹீலியம்-3-ஏ போதும் போலிருக்கிறது என்றார். அன்றிலிருந்து ஓடுகிறது இந்தத் தேடல்.

என் ஆய்வேடு முழுக்க ஒரே வளைவரையைப் பற்றியது. ஜெர்மனியில் யூலிச் நகரத்தின் காஸி முடுக்கியில் டியூட்டரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) கற்றையின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஈட்டா பிறக்கத் தொடங்கும் வாசலைக் கடக்கவைத்து அளந்தார்கள். 2007-ல் முடிவுகள் வந்தன. வாசலைத் தாண்டி 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் போவதற்குள் வினையின் குறுக்குவெட்டு, அதாவது வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, ஏறக்குறைய 400 நானோபார்னுக்கு (அந்த அளவின் அலகு) விருட்டென்று ஏறி, அங்கேயே சமதளமாக நின்றுவிடுகிறது. ஈர்ப்பு இல்லையென்றால் அது நிதானமாக ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். இந்தத் தரவிலிருந்து கிடைத்த சிதறல் நீளம், அதாவது ஈர்ப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண், 10 ஃபெர்மியைத் (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) தாண்டுகிறது. ஹீலியம்-3-இன் ஆரமோ 2 ஃபெர்மிகூட இல்லை.

அப்படியென்றால் பிணைந்துவிட்டதா? இங்கேதான் சிக்கல். சிதறல் நீளம் ஒரு சிக்கலெண், மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு பகுதி கொண்டது. அதன் மெய்ப்பகுதி எதிர்க்குறி என்றால் ஈட்டா உள்ளே கட்டுண்டிருக்க வாய்ப்புண்டு. நேர்க்குறி என்றால் ஈர்ப்பு இருந்தும் கட்டுப்படவில்லை. ஆனால் குறுக்குவெட்டில் வருவது அந்த மெய்ப்பகுதியின் வர்க்கம் மட்டுமே. ஒரு குறிக்குச் சிவப்பு, மறு குறிக்கு நீலம் என்று ஒரே படத்தில் வரைந்திருந்தேன். வாசலுக்கு மேலே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். பிரித்தறிய வாசலுக்குக் கீழே போக வேண்டும். அங்கே ஈட்டா வெளியே வராது. உள்ளேயே ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) அதை விழுங்கிவிட, பையானும் நியூக்ளியானும் தெறிக்கும்.

ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணல். குழுவில் இருந்தவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, "ரெண்டு கோடுன்னு எழுதியிருக்கீங்க, ஒண்ணுதானேம்மா தெரியுது?" என்றார். "அதுதான் சார் முடிவே" என்று சொல்லி, குறியை விளக்க ஆரம்பித்தேன். "அப்போ கண்டுபிடிச்சது என்ன?" என்று ஏட்டை மூடி அடுத்தவரிடம் தள்ளினார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தரவு எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்று காட்டுவது அவருக்குக் கண்டுபிடிப்பாகத் தோன்றவில்லை.

வாசா என்ற சோதனைக் குழு அதே காஸியில் ஹீலியம்-4-க்குத் தேடியது. ஹீலியம்-3-ஓடு ஒரு நியூட்ரானும் பையானும் வெளிவரும் பாதையில், பிணைப்பு நிலை இருந்தாலும் அதன் குறுக்குவெட்டு சுமார் 3 நானோபார்னுக்கு மேல் இருக்க முடியாது என்று 2017-ல் வரம்பு கட்டியது. அந்த எண் வந்தபின் பெரிய எண்களைச் சொல்லியிருந்த கோட்பாடுகள் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைப் போய் 'கிடைக்கவில்லை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

"2004-லேயே ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துச் சோதனையில் ஹீலியம்-3-க்குக் கிடைத்ததே" என்று யாராவது வருவார்கள். அதே மைன்ஸில் இன்னும் நிறையத் தரவு சேர்த்து 2012-ல் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞையாகத் தெரிந்த மேடு பின்னணி வினைகளால் வந்தது என்று தெரிந்தது. 2009-ல் மெக்னீசியம்-25-இல் ஒரு சமிக்ஞை கிடைத்ததாக ஜெம் என்ற சோதனைக் குழு சொன்னது உண்மை. அதற்கான என்ஸ்டார் உணர்கருவி மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் செய்தது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது லேசான அணுக்கரு. நான் கோட்பாட்டுப் பக்கம். சோதனை செய்பவர்கள் கூடுதலாகச் சொல்லலாம்.

உங்களை உண்மையில் வதைக்கப்போவது ஈட்டா இல்லை, உதவித்தொகை. மாதக்கணக்கில் வராது. கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். வீட்டு ஓனரிடம் போய் ஃபைலைக் காட்டவா முடியும்? ஆராய்ச்சி மாணவர்களின் வாடகையைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் யாரும் வாய் திறப்பதில்லை. சேரும் முன் சீனியர்களிடம் தனியாக விசாரியுங்கள்.

வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: ஹீலியம்-3-ஆ, ஹீலியம்-4-ஆ? வாசலுக்கு மேலா, கீழா? மேலே மட்டும் என்றால் அந்தக் குறிப் பிரச்சினையை என்ன செய்யப்போகிறார் என்றும் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.