சீர் கொடுத்தோம், பங்கு எதற்கு?

கேள்வி: எங்கள் அத்தா (தந்தை) மவுத்தாகி (இறந்து) இரண்டு ஆண்டு ஆகிறது. அம்மா இருக்கிறார். நான், அண்ணன், ஒரு தங்கை. வீடு, வாடகைக்கு விட்ட கடை, ஒரு தென்னந்தோப்பு இவைதான் சொத்து. தங்கையின் நிகாஹின்போது அத்தா 50 பவுன் போட்டு, மாப்பிள்ளைக்கு வண்டியும் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவள் பங்கு கேட்கிறாள். 'சீர்தான் பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு' என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நாங்கள் ஐவேளைத் தொழுகையை விடுவதில்லை. நோன்பு, ஸகாத்தில் குறை வைத்ததில்லை. அண்ணன் இந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகிறார். சென்ற இதழில் பெண்மக்களின் பங்கு பற்றி நீங்கள் எழுதியதைக் காட்டித்தான் தங்கை சண்டைக்கு வருகிறாள். ஈமானையும் (இறைநம்பிக்கை) இபாதத்தையும் (வணக்க வழிபாடு) எழுதுவதை விட்டுவிட்டு, குடும்பத்துக்குள் சொத்துத் தகராறை மூட்டிவிடுவது மார்க்கப் பத்திரிகைக்கு அழகா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இதையே மத்யன் நகரத்தார் ஷுஐப் நபியிடம் (அலை) கேட்டிருக்கிறார்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று அவர் சொன்னார். அவர்களுக்குச் சுருக்கென்றது. 'எங்கள் முன்னோர் வணங்கியதை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்றும், எங்கள் பொருளை எங்கள் இஷ்டப்படி செய்யக் கூடாது என்றும் உம்முடைய தொழுகையா உமக்குச் சொல்கிறது?' என்று கேட்டார்கள். ஹூது அத்தியாயத்தின் 87ஆம் வசனத்தில் இருக்கிறது. தொழுதுகொள்ளும், கல்லாப்பெட்டிப் பக்கம் மட்டும் வராதீர் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் நபியை மறுத்தவர்கள், அப்படித்தான் பேசுவார்கள். தொழுகையில் முதல் ஸஃப்பில் (வரிசையில்) நிற்கிற நீங்கள் அதே பேச்சை எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

இபாதத்தை எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். மதீனாவிலிருந்தே தொடங்குகிறேன்.

மக்காவை விட்டு ஹிஜ்ரத் (புலம்பெயர்வு) முடிந்து வந்தவர்களையும் மதீனாவாசிகளையும் நபி (ஸல்) அவர்கள் ஜோடி ஜோடியாகச் சகோதரர்கள் ஆக்கினார்கள். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்கு (ரலி) ஜோடியாக அமைந்தவர் ஸஅத் பின் ரபீஉ (ரலி). ஸஅத் வசதியானவர். 'என் சொத்தில் பாதி உமக்கு' என்றார். முன்பின் பழகாத ஒருவரிடம் சொன்ன வார்த்தை இது. அப்துர் ரஹ்மான் வாங்கிக்கொள்ளவில்லை. 'கடைத்தெரு எங்கே என்று காட்டும்' என்று கேட்டுப் போய், நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பிழைத்துக்கொண்டார். இந்தக் கதையை நம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) நிறையக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். உஹதுப் போரில், 625இல், ஸஅத் ஷஹீதானார் (உயிர்த்தியாகம் செய்தார்). மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மிஞ்சினார்கள். ஸஅதின் சகோதரர் வந்து சொத்தை முழுக்க எடுத்துக்கொண்டார். அன்றைய அரபு வழக்கம் அப்படி. வாள் பிடிக்கிறவனுக்குத்தான் வாரிசுரிமை. அந்த விதவை இரண்டு பிள்ளைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு நபியிடம் வந்து நின்றார். 'இவர்கள் ஸஅதின் மக்கள். உங்களோடு நின்று போரிட்டு இவர்கள் தந்தை கொல்லப்பட்டார். சிறிய தந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பொருள் இல்லாமல் இவர்களைக் கட்டிக்கொடுக்கவும் முடியாது.' அதன் பிறகே வாரிசுப் பங்குகளின் வசனம் இறங்கியதாக நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். திர்மிதீ, அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இந்த ஹதீஸ் உண்டு. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அவர்கள் தாய்க்கு எட்டில் ஒன்று, மீதி உமக்கு.

பாதிச் சொத்தை அந்நியருக்கு நீட்டிய மனிதரின் பெண்மக்களே ஒன்றுமில்லாமல் நின்றார்கள் பாருங்கள். நல்ல மனிதர்கள் நிறைந்த ஊரில்தான் இது நடந்தது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் சமூகம் தானாக நேராகிவிடும் என்று அல்லாஹ் விட்டுவிடவில்லை. எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பின்னம் போட்டுக் கொடுத்தான். தொழுகையைக் கடமையாக்கிய அதே குர்ஆன், எத்தனை ரக்அத் (தொழுகையின் சுற்று) என்பதை நபிவழிக்கு விட்டது. பங்குகளின் கணக்கை மட்டும் வசனத்துக்குள்ளேயே வைத்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். 'இது அல்லாஹ் விதித்த கடமை' என்று முடிகிறது. அடுத்த இரண்டு வசனங்களைத் தாண்டினால், இந்த வரம்பை மீறுகிறவனுக்கு நரகம் என்று வருகிறது.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அடக்கச் செலவு, அத்தாவின் கடன், வஸிய்யத் (மரண சாசனம்) ஏதும் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அது, இவையெல்லாம் முதலில் கழியும். அம்மாவுக்குத் தர வேண்டிய மஹரில் (கணவன் மனைவிக்குத் தரும் மணக்கொடை) பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான், மறந்துவிடாதீர்கள். அத்தாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மீதிச் சொத்து 40 லட்சம் பெறும் என்றால், அம்மாவுக்கு 5 லட்சம், அண்ணனுக்கு 14, உங்களுக்கு 14, தங்கைக்கு 7. ஆண்களுக்கு ஏற்கெனவே இரட்டிப்பு வந்துவிட்டது. தங்கையின் ஏழும் சேர்ந்து வந்தால்தான் மனம் நிறையுமா?

சீர் விவகாரம். அத்தா உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் கண்ணை மூடிய பிறகு பிறப்பது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. கழிக்கத்தான் வேண்டும் என்றால் எல்லோருக்கும் கழியுங்கள். அண்ணன் தொழில் தொடங்க அத்தா கொடுத்த முதல், உங்கள் கல்லூரிக் கட்டணம், உங்கள் கல்யாணச் செலவு, இதையெல்லாம் எந்த ஊர்ப் பெரியவராவது நோட்டில் எழுதி வைத்திருக்கிறாரா? பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபியைச் சாட்சிக்கு அழைத்த தோழர் உண்டு. நுஃமான் பின் பஷீரின் தந்தை. 'எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா?' என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. அந்த 50 பவுனையும் வண்டியையும் உங்கள் அத்தா ஆசைப்பட்டா கொடுத்தார்? மாப்பிள்ளை வீடு கேட்டது, கொடுத்தார். கைக்கூலி (வரதட்சணை) வாங்குவது ஆகாது என்று ஜுமுஆ மேடையில் சொல்கிறோம். மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில் மாப்பிள்ளை கை நீட்டியது ஒரு பாவம். அந்தப் பாவத்தைப் பற்றுச்சீட்டாக வைத்துக்கொண்டு பெண்ணின் பங்கை அடைப்பது அடுத்த பாவம். இதில் உங்களிடம் ஒரு கேள்வி உண்டு. உங்கள் மனைவி எத்தனை பவுனோடு வந்தார்? அவர் அத்தா வீட்டில் அவருக்குரிய பங்கு என்ன ஆயிற்று?

தோப்பு விவசாய நிலம், அதில் பெண்ணுக்குப் பாத்தியதை இல்லை என்று யாராவது உங்களுக்குச் சட்டம் சொல்லியிருக்கலாம். 1937இல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது உண்மை. சென்னை மாகாணம் 1949இலேயே திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை எடுத்துவிட்டது. தோப்பிலும் தங்கைக்குப் பங்குண்டு. இரண்டு ஆண்டாக நீங்கள் போட்ட ஒவ்வொரு தேங்காய் வெட்டிலும், வாங்கிய கடை வாடகையிலும்கூட அவருக்கும் அம்மாவுக்கும் சேர வேண்டியது இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

'தங்கையே மனமொப்பி விட்டுக்கொடுத்துவிட்டால்?' என்று அடுத்த கடிதம் வரும். நம் பக்கத்தில் அந்த மனமொப்புதல் எப்படி நடக்கிறது என்று தெரியாதவரா நீங்கள்? சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். 'மனப்பூர்வமாக' என்று டைப் அடித்திருக்கும். அந்தப் பெண் கண்ணாடியைக்கூடத் தேடாமல் ரேகை வைத்துவிட்டு வருவார். வைக்காவிட்டால் நோன்புப் பெருநாளுக்கு அண்ணன் வீட்டு வாசல் மிதிக்க முடியாது, பிள்ளைக்குத் தாய்மாமன் முறை செய்ய ஆள் இருக்காது. அந்தப் பயத்துக்கு மனப்பூர்வம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பங்கை முதலில் அவர் பெயருக்கு மாற்றுங்கள், வருமானம் அவர் கைக்குப் போகட்டும். கொஞ்சகாலம் கழித்து அவராக உங்களுக்கு ஏதாவது தந்தால், அது அவர் தரும் அன்பளிப்பு. தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

ஜமாஅத்துப் பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனாஸாவை (இறந்தவர் உடலை) தொழுகைக்கு வைத்ததும் மகன் முன்னால் வந்து, 'எங்க அத்தா யாருக்காவது கடன் தரணும்னா எங்ககிட்ட வாங்கிக்குங்க' என்று அறிவிக்கிறார். நல்ல வழக்கம். ஊரார் கடன் அன்றைக்கே பேசப்படுகிறது. வீட்டுப் பெண்களுக்குச் சேர வேண்டியதை நாற்பது நாள் கழித்தும் யாரும் பேசுவதில்லை. ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்றும், தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா வேண்டாமா என்றும் நம் ஊர்களில் பள்ளிவாசலே இரண்டாகியிருக்கிறது. பங்கு கொடுக்காதவருக்கு எதிராக ஒரு ஜமாஅத்து இரண்டுபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி இரண்டுபட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கடைசியாக அண்ணனின் ஹஜ். ஃபர்ழு (கட்டாயக் கடமை) நிறைவேறுமா என்று ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் தேடினால், முறைப்படி செய்த ஹஜ் கடமையை இறக்கிவிடும் என்றுதான் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபு அறிஞர்கள் சொல்வார்கள். அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தலை கலைந்து, புழுதி படிந்து, நெடும்பயணம் வந்த ஒரு மனிதர் வானத்தை நோக்கிக் கையேந்தி 'இறைவா, இறைவா' என்று கதறுவதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் உண்டது ஹராம், குடித்தது ஹராம், உடுத்தியது ஹராம், எப்படி அவருக்குப் பதில் கிடைக்கும் என்றும் கேட்டார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். பயணம் புறப்படுமுன் ஊராரிடமெல்லாம் மாஃப் (மன்னிப்பு) கேட்கப் போவாரல்லவா, தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம்.

அவர் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தரிடம் நாலு பெயரையும் கொடுங்கள். அம்மாவின் பெயர் முதலில் வரட்டும்.