மாநாட்டுக்கு நோயாளர்களை எப்போது அழைப்பது?

கேள்வி: ருமட்டாய்டு மூட்டுவாத (உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய்) ஆராய்ச்சியாளர்களுக்காக இரண்டு நாள் மாநாடு நடத்துகிறோம். சுமார் 200 பேர் வருவார்கள். போன முறை நிறைவு விழாவில் ஒரு நோயாளரைப் பேச வைத்தோம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு மாதம் கழித்து அவர், "நான் பேசியதை வைத்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இம்முறை சரியாகச் செய்ய விரும்புகிறோம். நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது, இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: "நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அதுதான். எதைப் பேசுவது, யார் பேசுவது என்று முடிவு செய்துவிட்டு நோயாளரை அழைத்தால், அவர் செய்வதற்கு மிஞ்சுவது உருக்கமாகப் பேசுவது ஒன்றே. இரண்டு அமர்வுகளையாவது காலியாக வைத்து, அவற்றில் என்ன விவாதிக்கலாம் என்பதை அவர்களிடமே விடுங்கள்.

உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. மூட்டு நோய் ஆய்வுகளில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று தீர்மானிக்கக் கூடும் ஓமெராக்ட் என்ற சர்வதேச அமைப்பு, 2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்த தன் கூட்டத்துக்கு முதன்முறையாக நோயாளர்களை அழைத்தது. அதுவரை மருத்துவர்கள் கணக்கெடுத்தவை வீங்கிய மூட்டுகள், தொட்டால் வலிக்கும் மூட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் போன்றவை. வந்தவர்கள் விவாதக் குழுக்களில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது சோர்வைப் பற்றி: தூங்கி எழுந்தாலும் போகாத, நாளையே முடக்கிப்போடும் சோர்வு. முடிந்தவரை எல்லா ஆய்வுகளிலும் அதையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை பின்னாளில் வந்ததற்கு அந்தக் கூட்டமே வித்து. அவர்களையும் நிறைவு விழாவில் பேச வைத்து அனுப்பியிருந்தால் கைதட்டல்தான் கிடைத்திருக்கும்.

ஆகவே திட்டக் குழுவில் குறைந்தது இரண்டு நோயாளர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக உட்காரும் ஒருவர் பேராசிரியர்களுக்கு நடுவே வாய் திறக்கத் தயங்குவார். பராமரிப்பாளர் ஒருவரும் இருந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: தன்னிடம் சிகிச்சை பெறுபவரை மருத்துவரே அழைக்கக் கூடாது. அவரால் மறுக்கவும் முடியாது, வந்தபின் மாற்றுக் கருத்தும் சொல்ல முடியாது. நோயாளர் சங்கங்கள் வழியாகத் தேடுங்கள். ஆனால் எல்லா மேடைகளிலும் பார்க்கும் அதே முகத்தோடு நின்றுவிடாதீர்கள்.

அடுத்தது பணம். 'பேஷன்ட்ஸ் இன்க்ளூடட்' என்ற பெயரில் 2015இல் மாநாடுகளுக்கான சாசனம் ஒன்று உருவானது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது: நிகழ்ச்சியில் பங்காற்றும் நோயாளர், பராமரிப்பாளரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் முழுமையாக, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். "பில் கொடுங்கள், பிறகு தருகிறோம்" என்பது சம்பளக்காரர்களுக்குச் சரிப்படும். நோயால் வேலையை இழந்தவர் கடன் வாங்கித்தான் பயணச்சீட்டு எடுப்பார். மதிப்பூதியம் தருவதானால் முதலில் கேட்டுவிடுங்கள். அரசு உதவித்தொகை பெறுபவருக்கு அது வருமானமாகக் கணக்காகிச் சங்கடம் வரலாம்.

அரங்க ஏற்பாடுகளில் நோயின் இயல்பைக் கவனியுங்கள். இந்த நோயில் பலருக்கு மூட்டுகளின் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும், எனவே எட்டரை மணி அமர்வை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். கையில் பிடிக்கும் மைக்குக்குப் பதிலாகச் சட்டையில் மாட்டும் மைக் கொடுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, படுத்து ஓய்வெடுக்க ஓர் அறை, 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய ஊசிமருந்துக்குக் குளிர்பெட்டி ஆகியவையும் தேவை. வர முடியாதவர்களுக்கு இணையவழி நேரலை வையுங்கள். சிலருக்கு அது ஒன்றே வழி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களிடையே ஆபத்தான கிருமிகள் தொற்றக்கூடும் என்பதால், அவர்கள் ஒருவரோடொருவர் நேரில் கூடுவதையே தவிர்க்கிறார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் மருந்து நிறுவனங்களின் கண்காட்சி அரங்கு. மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தரும் மருந்துகளைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் தடை உண்டு. அதைக் காரணம் காட்டி நோயாளரை அரங்கின் வாசலிலேயே நிறுத்துவார்கள். தேநீர் மேசையும் பெரும்பாலும் அந்த அரங்குக்குள்தான் இருக்கும்! உங்கள் நாட்டுச் சட்டத்தை இப்போதே விசாரித்து, தேநீரை வெளியே மாற்றுங்கள். மற்ற அமர்வுகள் எல்லாம் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும், அடையாள அட்டையும் எல்லோருடையதைப் போலவே இருக்கட்டும். எய்ட்ஸோடு வாழ்ந்தவர்கள் 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெளியிட்ட அறிக்கையிலேயே, மாநாடுகளில் மற்றவர்களுக்கு இணையான மதிப்போடு தங்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கங்களைப் பொறுத்தவரை, தேர்வானவர்களிடம் மட்டுமாவது எளிய நடையில் 150 சொற்கள் எழுதி வாங்குங்கள். எழுதத் திணறுகிறவர்களுக்கு நோயாளர் குழுவே திருத்திக் கொடுக்கட்டும், இருவருக்கும் பயன்.

மேடையில் பேசுபவரிடம் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த ஆய்வில் எதை அளக்காமல் விட்டார்கள்?" என்று கேளுங்கள். காணொளி இணையத்தில் நிலைத்துவிடும், வேலை கொடுப்பவரும் பார்ப்பார். எனவே அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள், வேண்டாம் என்றால் கேமராவை நிறுத்திவிடுங்கள்.

மாநாடு முடிந்த ஒரு மாதத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: நீங்கள் சொன்னதில் இதை ஏற்றோம், இதை ஏற்க முடியவில்லை, காரணம் இது. போன முறை பேசியவருக்கு அப்படி ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது. அதை இந்த வாரமே எழுதி, திட்டக் குழுவில் சேர விருப்பமா என்றும் கேளுங்கள்.