கன்றும் குட்டியும்

ஐயா,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தேர்வில் 'யானைக்குட்டி' என்று எழுதியதை ஆசிரியை அடித்து, 'யானைக்கன்று' என்று திருத்தி, அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொல்? பள்ளியில் போய்க் கேட்கலாமா?

ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

அரை மதிப்பெண்ணுக்காகப் பள்ளிப் படி ஏற வேண்டாம். குழந்தை எழுதியதில் பிழை இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். தொல்காப்பிய மரபியல் யானை, குதிரை, கழுதை, கடமை என்ற மான் வகை, பசு ஐந்துக்கும் கன்று என்கிறது. யானைக்குக் 'குழவி' என்ற பெயரையும் தருகிறது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு சிவப்பு மை தொட்டால் 'கழுதைக்குட்டி' என்று எழுதும் ஊரையே அடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எதற்கு இரண்டு சொல் என்று கேட்டீர்களே, அதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். 'பசு குட்டி போட்டது' என்று உங்கள் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆடும் பூனையும் குட்டி போடும். பசு கன்றுதான் போடும். குட்டி என்ற சொல் உருவத்தை அளக்கப் போய்விட்டது: குட்டிக்கதை, குட்டித்தீவு, கொருக்குப்பேட்டையில் சரக்கு இறக்கும் 'குட்டி யானை' வண்டி. கன்று அப்படிப் போகவில்லை. வாழைக்கன்று என்றாலும் தாய்மரம் பக்கத்தில் நிற்கிறது. யாருடைய கன்று என்ற கேள்வி அந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. கன்றுக்குட்டி என்றும் சொல்கிறோமே என்பீர்கள். அது கொஞ்சுகிறவர் சொல். கறக்கிறவர் சொல் கன்று.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் ஒரு மாட்டுத் தொழுவம். பால்காரருடைய பசுவின் கன்று செத்துப்போனது. அதன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, குச்சிகளைக் கால்களாகச் செருகி வைத்திருந்தார். விடியற்காலையில் நான் செம்போடு நிற்பேன். "கன்றைக் கொண்டு வா" என்பார் மகனிடம். அவன் அதைக் கக்கத்தில் இடுக்கி வந்து பசுவின் முகத்தருகே நிறுத்துவான். கண் இருந்த இடத்தில் வைக்கோல் தெரியும். பசு அதை நக்கும். மடியில் பால் இறங்கும். நக்கி நக்கி, கழுத்துப் பக்கம் மயிரெல்லாம் உதிர்ந்து தோல் வழவழப்பாகிவிட்டிருந்தது. ஒருநாள்கூட அவர் அதைப் பொம்மை என்றோ தோல் என்றோ சொன்னதில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி வைக்கோல் நனைந்து நாறியபோதும், "கன்றை வெயிலில் வை, சாயங்காலம் இது தேடும்" என்றுதான் சொன்னார்.