வீட்டு மஞ்சளை வேகவைப்பதா, நறுக்கிக் காயவைப்பதா?

தை பிறந்தால் போதும், மஞ்சளைத் தோண்டியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இனி இதை எப்படிக் காயவைப்பது? தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

அரூரிலிருந்து: அக்கா, கொல்லையில் நட்டது சுமார் 40 கிலோ வந்திருக்கிறது. வேகவைக்காமல் அப்படியே காயவைத்தால் ஆகாதா? மாமியார் கட்டாயம் வேகவைக்கணும் என்கிறார்.

மாமியார் சொல்வதுதான் சரி, முழு விரலியாக, அதாவது விரல் போல் நீண்ட கிளைக்கிழங்கை நறுக்காமல், காயவைப்பதாக இருந்தால். பச்சை விரலிக்கு உயிர் இருக்கிறது, ஈரம் பட்டால் முளைக்கப் பார்க்கும். தோலும் கெட்டி, உள்ளே இருக்கும் தண்ணீர் லேசில் வெளியே வராது. மேலே சுருங்கி, நடுவில் ஈரம் அப்படியே நின்று, மாதக்கணக்கில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். வேகவைத்தால் முளைப்பு நின்றுவிடும், பச்சை வாடை போய்விடும், உள்ளே இருக்கும் மாவு வெந்து இளகி நிறம் கிழங்கு முழுக்க ஒரே மாதிரி பரவும். சீக்கிரமும் காயும். மஞ்சள் நிறம் தண்ணீரில் கரைந்து போய்விடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். நிறத்தைக் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, பயம் வேண்டாம்.

தோண்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிடுங்கள். மண்ணைக் கழுவி, வேரை ஆய்ந்து, விரலியையும் நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. இரண்டையும் ஒரே கொப்பரையில் போட்டால் கிழங்கு வேகும்போது விரலி குழைந்துவிடும், இல்லை விரலி பதமாகும்போது கிழங்கு அரைவேக்காட்டில் நிற்கும். மஞ்சள் மூழ்கி மேலே இரண்டு அங்குலம் நிற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மேலே மஞ்சள் இலையோ சாக்கோ போட்டு மூடி எரியுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

பாலக்கோட்டிலிருந்து: பதம் எப்படித் தெரியும்? போன வருஷம் எங்களுடையது காய்ந்த பிறகு பொடிப்பொடியாக உடைந்தது.

பொடிப்பொடியாக உடைந்தது என்றால் வேக்காடு பற்றவில்லை. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கொப்பரையைப் பாருங்கள். முதலில் நுரை கட்டும், அப்புறம் வெள்ளையாக ஆவி கிளம்பி தெரு முழுக்க மஞ்சள் மணக்கும். அந்த நேரத்தில் நடுக்கொப்பரையிலிருந்து ஒரு விரலியை எடுத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள், எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். நான் ஒன்றை இரண்டாக உடைத்தும் பார்த்துவிடுவேன்: நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் இன்னும் பத்து நிமிஷம் எரிக்கணும், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நிறமாக இருந்தால் உடனே இறக்கிவிடணும். விட்டுவிட்டால் குழைந்து நிறம் மங்கும்.

காரிமங்கலத்திலிருந்து: தண்ணீரில் மாட்டுச் சாணம் கரைத்து வேகவைத்தால் நிறம் நன்றாக வரும் என்று தாத்தா சொல்வார்.

அந்தக் காலத்தில் செய்தார்கள், உண்மைதான். இப்போது வேண்டாம், இது வாயில் போடும் பொருள். வெறும் தண்ணீர் போதும்.

கிருஷ்ணகிரி டவுனிலிருந்து: மாடியில் தொட்டியில் வைத்தேன், மொத்தமே 5 கிலோ. இதற்காகக் கொப்பரைக்கு எங்கே போவது?

கொப்பரை எதற்கு, இட்லிப் பானை இருக்கிறதே. ஆவியில் வேகவையுங்கள், குச்சி இறங்கும் பதம்தான் கணக்கு. குக்கரில் விசில் கணக்குக் கேட்காதீர்கள். கிழங்கின் பருமனுக்குத் தகுந்தபடி மாறும்.

ஆனால் 5 கிலோவுக்கு நான் வேறு வழிதான் சொல்வேன். வீட்டுச் சமையலுக்குப் பொடி மட்டும்தானே வேண்டும்? ஆவியில் வெந்ததும் ஆறவிட்டு வட்டவட்டமாக, தோசைக்கரண்டி விளிம்பு கனத்துக்கு நறுக்கி, வெள்ளைத் துணியில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மாசி வெயிலில் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். சிலர் பச்சையாகவே நறுக்கிக் காயவைக்கிறார்கள், மெல்லிதாக நறுக்கினால் அதுவும் காயும், மணம் கொஞ்சம் காட்டமாக இருக்கும். எனக்கு வெந்த மஞ்சளின் வாசம்தான் பிடிக்கும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், கறை ஒரு வாரம் போகாது. முழு விரலியாகக் கடையில் விற்க வேண்டும் என்றால் மட்டும் நறுக்கவே கூடாது.

ஊத்தங்கரையிலிருந்து: களத்தில் எவ்வளவு கனத்துக்குப் பரப்பணும்? மெல்லிதாகப் பரப்பினால் சீக்கிரம் காயும்தானே?

வேகவைத்த முழு மஞ்சளுக்கு இரண்டு மூன்று அங்குலக் கனம் இருக்கணும். ரொம்ப மெல்லிதாகப் பரப்பினால் நேர் வெயில் பட்டுப் பட்டு நிறம் வெளுத்துவிடும், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. பகலில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, சாயங்காலம் குவித்து மூடிவிடுங்கள், பனி படக்கூடாது. பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். வெறும் மண் தரையில் போடாதீர்கள், சிமெண்டுக் களமோ மூங்கில் தட்டியோ வேண்டும்.

மூடுவதைப் பற்றி ஒன்று சொல்லணும். ஒரு மாசியில் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. அரைக்காய்ச்சலாக இருந்த குவியலைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டு, இரண்டு நாள் திறந்தே பார்க்கவில்லை. திறந்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு, அடிவரிசை முழுக்க வழுவழுவென்று வெள்ளைப் படலம். அந்த வருஷ மஞ்சளில் கால்வாசியைக் குப்பையில் கொட்டினேன். இப்போது சாக்கு போட்டுத்தான் மூடுகிறேன். மழை வந்தால் கொட்டகைக்குள் அள்ளிப்போய் மெல்லிதாகப் பரப்பி, மின்விசிறி போட்டுவிடுவேன். வெளுப்பது வெயிலால், நிழலில் மெல்லிதாகப் பரப்பினால் கெடுதல் இல்லை.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பூஞ்சை லேசாகத்தான் இருக்கிறது. கழுவி மறுபடி காயவைத்து அரைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. பூஞ்சை விடும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் போகாது, சமையல் சூட்டிலும் அழியாது. மனசு வலிக்கும், எனக்கும் வலித்தது, ஆனால் கொட்டிவிடுங்கள்.

ஓசூரிலிருந்து: இங்கே காலை ஒன்பது மணி வரை பனிமூட்டம். வெயிலும் உங்கள் ஊர் மாதிரி உறைக்காது. என்ன செய்யலாம்?

தருமபுரி வெயிலுக்குச் சொன்ன கணக்கு தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது, சரியாகக் கேட்டீர்கள். உங்களுக்கு நறுக்கும் முறைதான் நல்லது. பனி விலகி தரை சூடான பிறகு வெளியே எடுத்து, நாலு மணிக்கெல்லாம் உள்ளே வைத்துவிடுங்கள். தரையில் விரிக்காமல் கட்டில் மேல் கொசுவலை கட்டி அதில் பரப்பினால் கீழிருந்தும் காற்று போகும். காயவைக்கும் மின்சாரப் பெட்டி இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், ஒரே சீராகக் காயும், நிறமும் பளிச்சென்று நிற்கும். அளவு நிறைய என்றால் மாசி கடைசி வரைக்கும் தோண்டாமல் நிலத்திலேயே விட்டுவைக்கலாம். இலை காய்ந்து சாய்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் கொஞ்ச நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் மட்டும் பாய்ச்சாதீர்கள்.

கடத்தூரிலிருந்து: காய்ந்துவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? கையில் எடுத்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது.

கையை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். இருப்பதிலேயே பருத்த விரலியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். "டக்" என்று உலோகத்தைத் தட்டினாற்போல் சத்தம் வரணும், உடைந்த இடம் மெழுகு பூசினது மாதிரி மின்னணும். வளைந்து ஒடிந்தாலோ நார் இழுத்தாலோ இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பத்துக்குள் வந்தால்தான் மூட்டை கட்டலாம். எடையும் காட்டிக்கொடுக்கும், 10 கிலோ பச்சைக்கு ஏறக்குறைய 2 கிலோதான் நிற்கும், ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். உங்களுக்கு 3 கிலோ நிற்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே தண்ணீர் இருக்கிறது.

பென்னாகரத்திலிருந்து: பாலிஷ் போடணுமா?

வீட்டுக்கு என்றால் சாக்கில் போட்டு இரண்டு பேர் பிடித்துக் குலுக்கித் தேய்த்தால் போதும், சொரசொரப்பான மேல்தோலும் வேரும் உதிர்ந்துவிடும். ஏலத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டிரம்மில் சுற்றியெடுங்கள், பார்வைக்குத்தான் விலை. ஆனால் நிறம் ஏற்றுகிற பொடி எதையும் தூவச் சொன்னால் கேட்காதீர்கள். பளபளப்புக்காக லெட் குரோமேட் கலக்கும் வழக்கம் சில இடங்களில் பிடிபட்டிருக்கிறது, அது ஈயம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

பர்கூரிலிருந்து: எங்கள் பொடி கடைப்பொடி மாதிரி மஞ்சளாக இல்லை, கொஞ்சம் காவி நிறமாக இருக்கிறது. தவறு எங்கே?

தவறே இல்லை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் உங்கள் பொடியை ஒரு ஸ்பூன் போடுங்கள், பக்கத்தில் கடைப்பொடியையும் அதேபோல் போடுங்கள். நல்ல பொடி அடியில் படிந்து தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும். தண்ணீர் அடர்மஞ்சளாகவே நின்றால் அதில் சாயம் இருக்கிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: கஸ்தூரி மஞ்சளும் போட்டிருக்கிறேன். அதையும் வேகவைக்கணுமா அக்கா?

அது முகத்துக்குத்தானே, சமையலுக்கு இல்லை. வேகவைத்தால் அந்த வாசனை போய்விடும். பச்சையாக மெல்லிதாக நறுக்கி நிழலில் உலர்த்துங்கள், காற்றோட்டம் முக்கியம்.

மொரப்பூரிலிருந்து: அடுத்த வருஷ விதைக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கணும். அதையும் காயவைத்துவிட்டேனே!

எத்தனை நாள் ஆகிறது? இரண்டு நாள்தான் என்றால், வேகவைக்காதது என்றால், இன்றைக்கே நிழலுக்கு எடுத்துவிடுங்கள். விதை மஞ்சளுக்கு வெயிலும் வேண்டாம், கொப்பரையும் வேண்டாம். நோயில்லாத, திரண்ட கிழங்காகப் பொறுக்கி, மர நிழலிலோ கொட்டகையிலோ மணல் பரப்பிக் குவித்து, மேலே மஞ்சள் இலை போட்டு மூடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை குவியலைப் பிரித்து அழுகினதை எடுத்துவிடணும். வைகாசியில் நடும்போது ஒவ்வொன்றிலும் மொட்டு தலைகாட்டியிருக்கும். காட்டாததைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.